மணக்குடிக்கு வண்டியில் போன வள்ளம்

தேங்காப்பட்டணம் ஆற்றுக் கடவில் போன மாதம் எஞ்சின் வைத்த விஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் இரும்புக் கயிறு சுற்றுகிறது. படகு மேடேறி வந்து லாரியில் உட்காருகிறது. பார்க்கப் போயிருந்தேன். விஞ்சு ஓட்ட ஒருவர், சங்கிலி மாட்ட ஒருவர், படகின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இரண்டு பேர், "விடு, விடு, நிறுத்து" என்று கத்துவதற்கென்றே ஒருவர். ஆக ஐந்து பேர்.

"இதே கடவில் இத்தனை பெரிய வள்ளத்தை நான் ஒற்றை ஆளாய் ஏற்றியிருக்கிறேன்" என்றேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். விஞ்சு ஓட்டுகிறவர் மட்டும், "எப்பிடிப் பாட்டா? எழுதித் தாருங்கோ, படிச்சுப் பாக்கோம்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். எழுத்து கோணலாக இருக்கும், சொல்வது கோணலாக இருக்காது. எழுதுகிறேன்.

என் பெயர் ஞானமுத்து. தக்கலைக்குப் பக்கத்தில் பிறந்தேன். அப்பா மாட்டுவண்டியில் கருப்பட்டி ஏற்றிக் குளச்சலுக்குக் கொண்டுபோகிறவர். கடலோடு எங்களுக்கு அவ்வளவுதான் உறவு. சரக்கை இறக்கிவிட்டு, கொஞ்சம் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன், தேங்காப்பட்டணத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் எந்தத் துறையில் போய் "வள்ளம் ஏற்ற ஆள் யாரு?" என்று கேட்டாலும் என் பெயரைச் சொல்லும்படி ஆனான் என்றால், அது யார் கொடுத்ததும் அல்ல, நானே சம்பாதித்தது.

தொழில் படித்தது குளச்சலில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அங்கே கப்பல் வந்து தூரத்தில் நிற்கும். கரையிலிருந்து சரக்கைப் பெரிய வள்ளங்களில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வள்ளங்களைக் கடலில் இறக்குவதும் மேலேற்றுவதும் கரையில் கொட்டகை போட்டிருந்த கூலிக் கூட்டங்களின் வேலை. அப்படி ஒரு கொட்டகையில், வள்ளத்துக்கு அடியில் போட்டு உருட்டும் உருளைக்கட்டையை நான்கு வருடம் சுமந்தேன். அந்த நான்கு வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தோள் காய்த்தது, அவ்வளவுதான்.

எழுத வேண்டியது எங்கள் கொட்டகையின் மம்மது மேஸ்திரியைப் பற்றி. குளச்சல்காரர். ஒல்லியான ஆள். மூன்று பேர் தும்மினால் விழுந்துவிடுவார் போலிருக்கும். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு குடை. மழையிலும் அந்தக் குடையை விரித்து நான் பார்த்ததில்லை. அது கை நீட்டிக் காட்டுவதற்கு. மற்ற கொட்டகைகளில் மேஸ்திரி என்றால் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் கத்த மாட்டார். வள்ளத்தை ஒருமுறை சுற்றி வருவார். பிறகு யாராவது ஒருவன் பக்கத்தில் போய் நின்று, காதோடு கேட்பார்:

"எங்கடே கனம்?"

கேட்கப்பட்டவன் குடையை வாங்கி, அதன் நுனியால் வள்ளத்தின் கனம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டும். தப்பாகத் தொட்டால் திட்ட மாட்டார். "அப்பொ இன்னைக்கு நீ கட்டை நனை" என்பார். உருளைக்கட்டைக்குத் தண்ணீர் ஊற்றுவது சின்னப் பையன்கள் வேலை. மீசை முளைத்தவன் அதைச் செய்தால் கொட்டகை முழுக்கச் சிரிக்கும். நான் பதினைந்து நாள் தொடர்ந்து கட்டை நனைத்திருக்கிறேன். பதினாறாம் நாள் சரியாகத் தொட்டேன். அதற்குப் பிறகு தப்பவே இல்லை. இது பெருமைக்குச் சொல்வதல்ல, நடந்தது.

ஒரு நாள் மட்டும் அவரிடம் மாட்டினேன். எனக்கு அப்போது உடம்பில் நல்ல பலம். ஒரு வள்ளத்தின் முன்பக்கம் மணலில் புதைந்துவிட்டது. எல்லோரும் பார்க்கட்டும் என்று தோளைக் கொடுத்துத் தனியாகத் தூக்கிவிட்டேன். கொட்டகையில் கைதட்டினார்கள். மேஸ்திரி மெதுவாக வந்தார்.

"தூக்கியாச்சா மோனே?"

"தூக்கியாச்சு."

"சரி. இனி எறக்கி வெச்சுட்டு வீட்டுக்குப் போ. எட்டு நாள் கழிச்சு வா. கடல்கரையில பலம் காட்டுறவன் அடுத்தவனுக்கக் காலைத்தான் ஒடிப்பான்."

எட்டு நாளும் வீட்டில்தான் இருந்தேன். பலத்தைக் கொண்டு செய்யாமல் இந்த வேலையை எப்படிச் செய்வது என்று அந்த எட்டு நாளில்தான் யோசித்தேன். அப்பாவின் வண்டி முற்றத்தில் நின்றது. வள்ளத்தைத் தோள் கொடுத்துத் தூக்காமல், தண்ணீரிலிருந்தே வண்டியில் ஏற்றலாமே என்று தோன்றியது அப்போதுதான்.

விஷயம் இதுதான். ஆனி ஆடியில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். வள்ளத்தைக் கடல் வழியாக ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கொண்டுபோக முடியாது. அந்தச் சமயத்தில் விற்ற வள்ளம், பழுது பார்த்த வள்ளம் எல்லாம் ஆற்றங்கரையில் கிடக்கும். எட்டு, பத்துப் பேர் சேர்ந்து தூக்கி வண்டியில் வைத்துக் கட்டிக் கொண்டுபோவார்கள். தூக்கும்போதே பாதி வள்ளம் விரிசல் விடும். நான் ஒருவனாகச் செய்கிறேன் என்று இறங்கினேன்.

என் முறையை இங்கே ஒளிக்காமல் சொல்கிறேன். கடவு என்பது ஆற்றங்கரையில் தண்ணீருக்குள் இறங்கிப் போகும் கல் பாவிய சரிவு. தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலோடு சேருகிற இடம் பக்கம் என்பதால், ஆற்றுத் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறி முடிக்கும் நேரத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து காளைகளை அவிழ்த்துவிடுவேன். வண்டியின் பின்பக்கத்தைத் தண்ணீரைப் பார்க்கத் திருப்பி, நுகம் மாட்டும் ஏர்க்காலில் வடத்தைக் கட்டி, அந்த வடத்தைக் கரையில் நிற்கும் தென்னையில் இரண்டு சுற்றுச் சுற்றுவேன். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பீடி குடிக்கலாம். வண்டி மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கும். சக்கரம் முழுக மறைந்ததும் வடத்தை முடிந்துவிடுவேன். மரவண்டி தண்ணீரில் மிதக்கும் என்பது முதல் நாள்தான் எனக்கே தெரிந்தது. அடுத்த நாள் அச்சில் இரண்டு ஆட்டுக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். அதில் ஒன்று எங்கள் வீட்டு ஆட்டுக்கல். என் மனைவி அன்றைக்குச் சொன்னதை எழுத முடியாது.

பிறகு வள்ளத்தை ஒரு கயிற்றில் பிடித்து, ஆட்டுக்குட்டியைக் கொண்டுவருவது போல மிதக்கவிட்டுக் கொண்டுவருவேன். வண்டியின் முன்னால் இரண்டு முளைகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் வள்ளத்தின் மூக்கை நுழைத்து, வள்ளத்தின் கனம் அச்சுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும்படி பார்த்துக் கட்டுவேன். அதற்குப் பிறகு வேலையே இல்லை. கரையில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். தண்ணீர் வற்ற வற்ற வள்ளம் தானாகவே வண்டியில் உட்காரும். வண்டி பாதி வெளியே தெரிந்ததும் காளைகளை இறக்கிப் பூட்டி மேலே ஏற்றுவேன். இறக்குவதும் இதே முறைதான், தலைகீழாக. "ஞானமுத்து எங்கே ஏற்றினான், ஆறு ஏற்றியது" என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். ஆறு அங்கே எத்தனையோ காலமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு வள்ளத்தையாவது ஏற்றியதா?

இனி மணக்குடிக் கதை. முப்பதுகளின் நடுவில் நடந்தது.

மணக்குடிப் பக்கத்துத் துறை ஒன்றில் சவரியான் என்று ஒரு மீன்பிடிக்காரர். அவருடைய வள்ளம் தேங்காப்பட்டணத்தில் பழுது பார்க்க வந்திருந்தது. ஆணி அடித்த வள்ளம் அல்ல. பலகைக்குப் பலகை துளை போட்டு, இடையில் தேங்காய் நாரைத் திணித்து, கயிற்றால் தைத்த வள்ளம். ஆறு பேர் உட்கார்ந்து துடுப்பால் துழாவுகிற அளவு. புதுத் தையல் போட்டு, மீன் எண்ணெய் பூசி அழகாக நின்றது.

அவர்கள் துறையில் ஒரு வழக்கம். ஆடி கழிந்து கடல் அடங்கியதும் கரைமடி இழுக்கத் தொடங்குவார்கள். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் வைத்துக்கொண்டு, வள்ளத்தில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, மறு கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து இழுப்பது. ஒரே கரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை போட முடியாது. அதனால் முறை வைத்திருந்தார்கள். முறைக்குச் சீட்டுப் போடும் நாளில் துறைப் பெரியவர் ஒவ்வொரு வள்ளமாக வந்து சோதிப்பார். வள்ளம் தண்ணீரில் மிதக்க வேண்டும். அவர் காலைத் துடைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஏறி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நடந்து, கடைசியில் நின்று, 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் பரலோக மந்திரத்தை மூன்று தடவை சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கணுக்கால் எலும்பு நனைந்தால் அந்த வள்ளத்துக்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் அடுத்த ஆடி வரை முறை இல்லை. அந்த ஆறு பேரும் வருஷம் முழுக்க மற்றவர்களின் கயிற்றை இழுத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சவரியானின் அண்ணன் முந்தின வருஷம் அப்படித்தான் ஆனார். அவருடைய வள்ளம் அதற்குப் பிறகு கரையில் கிடந்து விறகானது.

அந்த வருஷம் சீட்டு வியாழக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை சவரியான் என்னைத் தேடி வந்தார்.

"ஆள் ரெண்டு அனுப்பட்டா?"

"எதுக்கு?"

"பிடிச்சுத் தள்ளத்தான்."

"ஓய், எனக்க வண்டிக்கு ஆளைக் கூட்டுனா அந்த ஆளையும் நான்தான் செமக்கணும். நீரு போய் உமக்கக் கரைமடியைக் கட்டும். புதன் அந்திக்கு வள்ளம் உம்ம துறையில நிக்கும்."

"நிக்கல்லேன்னா?"

"நிக்கல்லேன்னா எனக்கப் பேரை எனக்கக் காளைக்கு இட்டுக் கூப்பிடும்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். வள்ளம் தைத்தவர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தச்ச வள்ளம் வெயிலு தாங்காது. பலகை வத்தி இடைவெளி விடும். ரெண்டு நாள் ரோட்டுல போவணும். நனைஞ்ச வைக்கோலு போட்டு மூடிக் கொண்டு போவும்."

வைக்கோலை யார் நனைத்து நனைத்துப் போடுவது? எனக்கு அதைவிட நல்ல யோசனை இருந்தது. வள்ளம் வண்டியில் உட்காரும்போதே உள்ளே ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுவைத்தால் இரண்டு நாளும் அது ஈரமாகவே இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை அப்படியே செய்தேன். உள்ளே ஒரு முழம் தண்ணீர். கடவின் அடியில் கல் சமமாக இருக்கும் இடத்தில் வைத்து ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்தேன். நிறைகுடத்தின் கனம் இருந்தது. முன்கனம் சரி, மேஸ்திரியே வந்து குடையால் தொட்டாலும் தப்பு சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டு காளைகளைப் பூட்டினேன்.

இதைத்தான் நான் பார்க்கவில்லை. மரத்தின் கனம் வைத்த இடத்தில் நிற்கும், தண்ணீரின் கனம் நிற்காது. வண்டி சரிவில் நான்கடி ஏறியதும் உள்ளே இருந்த தண்ணீர் முழுக்கப் பின்பக்கம் ஓடியது. ஏர்க்கால் வானத்தைப் பார்க்க எழும்பியது. நுகத்தடியோடு இரண்டு காளைகளும் மேலே இழுபட்டு, கழுத்துக் கயிறு இறுகி, நாக்கு வெளியே தள்ளிவிட்டது. வள்ளத்தின் பின்பக்கம் கடவுக் கல்லில் 'டொம்' என்று இடித்தது. நான் கத்தியால் கழுத்துக் கயிறுகளை அறுத்தேன். காளைகள் விழுந்து எழுந்து கரைக்கு ஓடின. வண்டி ஆற்றுக்குள் போகாமல் தென்னையில் முடிந்திருந்த வடம் காப்பாற்றியது. அந்த வடத்தை அவிழ்க்காமல் விட்டது என் வழக்கம். அந்த வழக்கம் இல்லையென்றால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

பின்பக்கத்தில் இரண்டு சாண் நீளத்துக்குத் தையல் அறுந்துவிட்டது. நார் திணித்து, அரக்கைக் காய்ச்சி எண்ணெயோடு சேர்த்துப் பூசினேன். பார்த்தால் தெரியாது. தைத்தவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அரை நாளில் தைத்துத் தந்திருப்பார். "ஒற்றை ஆளாய்ச் செய்வேன்" என்று ஊரெல்லாம் சொன்ன வாய். போகவில்லை. தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, அடுத்த ஏற்றத்தில் மறுபடி ஏற்றி, பொழுது சாய்கிற நேரத்தில் கிளம்பினேன். காளைகளின் கழுத்தில் தோல் உரிந்திருந்தது. ஈர வைக்கோலின் கனத்தையும் அவற்றின் தலையில் ஏற்ற மனம் வரவில்லை. வள்ளம் மூடாமலேயே வந்தது.

மறுநாள் முழுக்க நல்ல வெயில். இரணியலில் ஒரு பஸ்காரர் வழி விடச்சொல்லி ஹாரன் அடித்து அடித்துக் களைத்துப்போனார். கடைசியில் தலையை நீட்டி, "உம்ம பாட்டுக்குத் துழாவிப் போவும், ரோட்டுல வெள்ளம் கெடக்கு!" என்றார். கோட்டாறு சந்தையில் கூட்டம் கூடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, கடலு வத்திப் போச்சா?"

"வத்தல்ல. உங்க ஊருக்குக் கடலு வருது. வள்ளம் முன்னால வந்திருக்கு" என்றேன். எனக்கு வாய் மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். திரும்பி வள்ளத்தைப் பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

சொன்னபடி புதன்கிழமை அந்திக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். அந்தத் துறையில் ஆறு கடலில் சேரும் முன் அகலமான காயலாக நிற்கும். வள்ளங்களை அங்கேதான் கட்டுவார்கள். என் முறைப்படி வண்டியைப் பின்னால் இறக்கி, வள்ளத்தை மிதக்க விட்டேன். சவரியான், அவர் மனைவி கத்திரீனாள், அவருடைய ஐந்து கூட்டாளிகள் எல்லோரும் கரையில் நின்றார்கள். வள்ளம் மிதந்தது. ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். ஒரு இடத்தில் என்றில்லை, எல்லாத் தையலிலும் கண்ணீர் மாதிரி வந்துகொண்டிருந்தது.

கத்திரீனாள்தான் பேசினார்.

"ஓய் வண்டிக்காரரே! இதென்ன வள்ளமா, மாவு சலிக்க அரிப்பெட்டியா? ரெண்டு ஆளை வெச்சுத் தூக்கிட்டு வந்திருந்தா இப்பிடி வருமா? நாளைக்குச் சீட்டு! இவரு அண்ணனைப் போல இவரும் அடுத்தவனுக்கக் கயிறு இழுக்கவா போவாரு? நீரு பேரெடுக்க எங்க வயித்துலயா அடிக்கணும்?"

"பலகை வத்திப் போச்சு, அவ்வளவுதான். ஊறுனா அடைஞ்சிரும்" என்றேன். அது பாதி உண்மை. மற்ற பாதியைச் சொல்லவில்லை.

"எப்ப ஊற? விடிஞ்சா சீட்டு!"

"விடியதுக்குள்ள ஊறும். அதுக்கு இதை முக்கணும். கல்லு ஏத்தி அடியில தாத்தி வைக்கணும்."

கரையில் ஒரு சத்தம் கிளம்பியது. கூட்டாளிகளில் ஒருவர், "மிதக்கிற வள்ளத்தை ஒருத்தன் கையால முக்குவானா? நாசம் வந்து சேரும்டே!" என்றார். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தத் துறையில் தன் வள்ளத்தைத் தானே மூழ்க வைத்தவர் யாரும் இல்லை. அப்படிச் செய்தால் கடல் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். நான் சவரியானைப் பார்த்தேன்.

"உமக்க வள்ளம். நீரு சொல்லும். முக்கல்லேன்னா நாளைக்குச் சீட்டு இல்ல, அது உறுதி. முக்குனா ஒருவேளை உண்டு."

சவரியான் வள்ளத்தைப் பார்த்தார். அண்ணனின் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நான் கல்லு தொட மாட்டேன். எனக்க ஆளும் தொட மாட்டான். நீரு ஒத்தையாளுதானே, செய்யும்" என்றார். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

செய்தேன். காயல் கரையில் கிடந்த கல்லை ஒவ்வொன்றாக மார்பளவு தண்ணீரில் சுமந்து, தையல் நோகாமல் நடுப்பலகையில் அடுக்கினேன். வள்ளம் மெல்லத் தாழ்ந்து, விளிம்பும் மறைந்து, அடிமணலில் போய் உட்கார்ந்தது. காளைகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு விடியும்வரை கரையிலேயே கிடந்தேன்.

கிழக்கு வெளுத்ததும் தண்ணீரில் இறங்கி, காலால் துழாவிக் கல்லை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினேன். கல் போகப் போக வள்ளம் எழும்பி, விளிம்பு மட்டும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து நின்றது. அந்த நிலையில் இறைக்க முடியாது. இறைத்ததெல்லாம் திரும்பி உள்ளே வரும். பின்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். தொட்டில் ஆட்டுவது போல, அதன் தாளம் பார்த்து. தாளம் பிடித்ததும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு அண்டா தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தெறித்தது. ஒரு சாண் விளிம்பு வெளியே வந்ததும் ஏறி உட்கார்ந்து இறைத்தேன். பூசை மணி அடிக்கும்போது வள்ளம் காய்ந்த உடம்போடு மிதந்தது. எல்லாத் தையலும் அடைந்திருந்தது. அந்த விஞ்சால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாத் தையலும் என்று எழுதிவிட்டேன். ஒன்றைத் தவிர. பின்பக்கம் தண்ணீருக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். இரவெல்லாம் ஊறியதில் என் அரக்குப் பூச்சு இளகி, நார் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

ஊரே கரைக்கு வந்துவிட்டது. துறைப் பெரியவர் லூர்து மூப்பர், பருத்த உடம்பு, தடி ஊன்றி வந்தார். ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்துவிட்டுச் சவரியான் வள்ளத்துக்கு வந்தார்.

"நேத்து முங்கிக் கெடந்தது இதுதானா?"

"ஆமா மூப்பரே" என்றார் சவரியான். கத்திரீனாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் மார்பளவு தண்ணீரில் வள்ளத்தின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வள்ளம் ஆடாமல் பிடிப்பதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள். தண்ணீருக்கு அடியில் என் வலது உள்ளங்கை அந்த இரண்டு சாண் இடத்தில் பொதிந்து அழுத்தியிருந்தது.

மூப்பர் காலைத் துடைத்துக்கொண்டு ஏறினார். நடந்தார். கடைசிப் பலகையில் என் தலைக்கு மேலே நின்று மந்திரம் தொடங்கினார். சாகப் போகிறவர் பக்கத்தில் நின்று சொல்வது போல, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி. முதல் தடவை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. குனிந்து காலைப் பார்த்தார். பாதம்கூட நனையவில்லை.

"வள்ளம் கொள்ளாம்" என்றார். கரையில் ஆரவாரம். சவரியான் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கத்திரீனாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நேற்று அப்படித் திட்டியவர்.

அந்தக் கும்பிடுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் கையை எடுத்துவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம். கடலில் ஆறு பேர் போவார்கள். அங்கே யார் கை வைப்பார்கள்?

"மூப்பரே, எறங்காதேயும்" என்றேன்.

"என்னடே?"

"நான் கையை எடுத்தா வெள்ளம் வரும். பின்பக்கம் தையலு விட்டிருக்கு. கடவுல ஏத்தும்போ நான்தான் கல்லுல இடிச்சேன். சவரியானுக்குத் தெரியாது. நான் சொல்லல்ல. வள்ளத்துல தப்பு இல்ல. எனக்க தப்பு."

சவரியான் தண்ணீரில் பாய்ந்து வந்து என் கழுத்தைப் பிடித்தார். மூப்பர் தடியால் அவர் தோளைத் தட்டினார்.

"விடு. விடுடே. சோதனை முடியட்டு, மற்றதைப் பொறவு பாக்கலாம்." பிறகு என்னிடம், "கையை எடு" என்றார்.

"மூப்பரே..."

"எடு. சோதனைன்னா சோதனைதான். காலு இப்பமும் காஞ்சுதான் இரிக்கு. மறுபடியும் சொல்லுவேன்."

எடுத்தேன். உள்ளே தண்ணீர் குமிழியிட்டு வருவது எனக்குக் கேட்டது. மூப்பர் வக்கீல் வழக்கு வாதாடுவது போல மூச்சு விடாமல் தொடங்கினார். பரலோகத்தில் ஆரம்பித்தது எனக்குத் தெரியும். ஆமென் சொன்னது தெரியும். நடுவில் சொன்னது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். நான் வேறு சபைக்காரன் என்றாலும், அந்த மந்திரம் எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியும். மூன்று தடவையும் சேர்ந்து ஒரு தடவை அளவுகூட இல்லை. கடைசி ஆமென்னோடு ஒரு காலைத் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி கரைப்பக்கம் நீட்டினார். தண்ணீர் கணுக்கால் எலும்புக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"சீட்டு எழுது" என்றார். பின்னால் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கரை முழுக்கச் சிரித்தது.

சீட்டில் சவரியானுக்கு அன்றைக்கே, இரண்டாவதாக வலை போடும் முறை விழுந்தது. வள்ளம் தைப்பவர் வரும்வரை காத்திருந்தால் முறை போய்விடும். நான் வண்டிப் பக்கம் நடந்தேன்.

"எங்க போறீரு?" என்றார் சவரியான். நான் உண்மையைச் சொன்ன பிறகு என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"காளைக்குத் தண்ணி காட்ட."

"அதை கத்திரீனா காட்டுவா. நீரு ஏறும். நீரு இட்ட ஓட்டை, நீரே அதுல இரியும்."

நான் அதுவரை கடலில் போனதில்லை. எத்தனையோ வள்ளங்களை இறக்கியிருக்கிறேன், ஏற்றியிருக்கிறேன். ஒன்றில்கூட உட்கார்ந்து அலையைத் தாண்டியதில்லை. யாரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்டதும் இல்லை. காயல் கடலில் சேரும் பொழியைத் தாண்டியதும் வள்ளம் எழும்பி விழுந்தது. ஒரு கையால் ஓட்டையில் திணித்த துணியை அழுத்தினேன், மறுகையால் இறைத்தேன், நடுவில் வாந்தி எடுத்தேன். ஆறு பேரும் துழாவியபடி என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். "ஒத்தையாளு, ஒத்தையாளு" என்று துடுப்புக்குத் தாளமாகச் சொன்னார்கள்.

வலையை வளைத்துப் போட்டு முடித்ததும் ஒரு தடவை தலை தூக்கிப் பார்த்தேன். தூரத்தில் கரை ஒரு கோடு. அந்தக் கோட்டில் எறும்பு அளவுக்கு ஆட்கள் கயிற்றைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். சவரியானின் அண்ணன் முன்னால் ஓடினார் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு அங்கிருந்து தெரியவில்லை. சவரியான் மறுகயிற்றின் நுனியை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் கை தண்ணீரை இறைக்கும் பட்டையை வாங்கிக்கொண்டது.

"பிடியும்" என்றார். "விட்டுராதேயும். கரைக்குப் போன பொறவு எல்லாரும் சேர்ந்துதான் இழுக்கணும்."